ஒரு பிற்பகல் மின்சாரமும் இரண்டாண்டுப் புகையும்

அனுப்புநர்
உரிமையாளர்,
பனிவெள்ளை சலவை நிலையம் (மாடியில் குடியிருப்பு),
வணிக வளாகத்தின் பின்சந்து.

பெறுநர்
ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வணிக வளாகத்தின் டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கள் மாடியை நோக்கி இருப்பது, அதே ஜெனரேட்டரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பிற்பகல் மின்சாரம் கொடுத்த ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டது, இரண்டிலும் நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்த எனது முந்தைய இரு மனுக்கள்.

இணைப்பு: தலையணை உறை ஒன்று (துவைத்து, எங்கள் மாடியில் ஒரு பகல் உலர்த்தியது. திருப்பித் தர வேண்டியதில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். மேற்படி சலவை நிலையத்தை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். என் முந்தைய இரு மனுக்களையும் தங்கள் அலுவலக வாசலில் அமர்ந்திருக்கும் தட்டச்சுக்காரர் அடித்துக் கொடுத்தார். ‘செவியைப் பிளக்கும் பேரிரைச்சல்’ என்றும், ‘பகலை இரவாக்கும் கரும்புகை’ என்றும் அவர் தாமாகவே சேர்த்துக்கொண்டார். செவி எதுவும் பிளக்கவில்லை. பகல் பகலாகவே இருக்கிறது. மிகையாக எழுதியதால்தான் மனு எடுபடவில்லையோ என்ற ஐயம் ஏற்பட்டதால், இம்முறை நானே என் கையால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. எங்கள் கட்டடத்தில் கீழே துவைக்கும் இயந்திரங்களும் இஸ்திரி மேசைகளும் உள்ளன. முதல் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். அதற்கு மேல் மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடிகள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள், மருத்துவர்களின் அங்கிகள், உணவகங்களின் மேசைத் துணிகள் ஆகியவையே எங்களுக்கு வருபவை. வண்ணத்துணி மிகக் குறைவு. வெள்ளைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. சந்தின் மறுபக்கம் ஒரு மதில். மதிலுக்கு அப்பால் பன்னிரண்டு மாடி வணிக வளாகத்தின் பின்புறம். அதன் முன்புறம் முழுக்கக் கண்ணாடி. பின்புறத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணத்தில் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் பார்க்கிறோம்.

3. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்படி ஜெனரேட்டர் எங்கள் சந்துக்கு வந்தது. வந்தது என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். உண்மையில் அது வந்து சேர அன்று பகல் முழுவதும் பிடித்தது. எத்தனை சக்கரம் என்று எண்ண முடியாத ஒரு லாரியின் முதுகில், தார்ப்பாய் போர்த்தியபடி, ஒரு வீட்டையே கிளப்பிக்கொண்டு வருவதுபோல் கொண்டுவந்தார்கள். சந்து முனையில் லாரி திரும்பவில்லை. மின்கம்பிகளை மூங்கில் கழியால் தூக்கிப் பிடித்தார்கள். பழக்கடையின் கூரையைக் கழற்றினார்கள். எங்கள் கடையின் பெயர்ப் பலகையையும் இறக்கினார்கள். ‘நாளைக்கே மாட்டிக் கொடுத்துருவோம்’ என்று உறுதி சொன்னார்கள், மாட்டியும் கொடுத்தார்கள். ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. அதை ஒரு குறையாக நான் இம்மனுவில் சேர்க்கவில்லை.

4. அன்று சந்தில் எழுந்து நடக்க முடிந்த யாரும் வீட்டுக்குள் இல்லை. கிரேன் அதைத் தூக்கியபோது பேச்சு நின்றுபோனது. மதிலுக்கு மேலே அந்தரத்தில் அது மெல்லத் திரும்பியது. என் கணவர் லாரி ஓட்டிப் பிழைத்தவர். இன்ஜின் என்றால் எதிரில் நிற்பது மனைவியா மைத்துனனா என்றுகூடத் தெரியாது. இறங்கி உட்காரும் வரை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து, ‘அது மிஷின் இல்ல, ஒரு ஊரு’ என்றார். மறு வாரம் இன்னொன்று வந்தது. முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது எழுந்துகொள்ளுமாம். எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. நான் படுத்தால் யாரும் எழுந்துகொள்வதில்லை.

5. இந்தப் பத்தி என் கணவரின் வற்புறுத்தலால் சேர்க்கப்படுகிறது. எதிராளி யார், எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் புகார் எழுதுவது முறையல்ல என்பது அவர் கருத்து. அவர் கூறுவதாவது: அந்த இயந்திரத்துக்குப் பதினாறு சிலிண்டர்கள். ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு சோற்றுப் பானை அளவு இருக்கும். குளிர்விக்கும் விசிறி ஓர் ஆளைவிட உயரம். அதன் முன் நின்றால் வேட்டி உடம்பில் நிற்காது. புகைக்குழாய்க்குள் ஓர் ஆட்டுக்குட்டி தாராளமாக நுழைந்து மறுபக்கம் வரலாம். நிலத்துக்கு அடியில் டீசல் தொட்டி ஒரு கிணற்றளவு. எங்கள் பைக் ஒரு வருடம் குடிப்பதை அது ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் குடித்துவிடும். ஊர் மின்சாரம் போனதும், யாரும் தொடாமலே தானாக இருமிக்கொண்டு எழுந்து, பன்னிரண்டு மாடியையும் தோளில் வாங்கிக்கொள்ளும். மேலே நகரும் படிக்கட்டில் நிற்பவருக்குத் தாம் நின்ற படி ஒரு கணம் தயங்கியது மட்டுமே தெரியும். ‘இதையெல்லாம் எழுதினாத்தான் ஆபீசருக்கு மரியாதை வரும்’ என்கிறார். யார்மீது என்று நான் கேட்கவில்லை.

6. என் குறை அந்த இயந்திரத்தின் அளவு பற்றியது அல்ல. பெரியது பெரியதாக இருந்துவிட்டுப் போகட்டும். அதன் புகைக்குழாயை வளாகத்தின் உச்சி வரை ஏற்ற வேண்டும் என்று வரைபடத்தில் இருந்ததாகவும், கண்ணாடி முகப்பின் அழகு கெடும் என்று பின்னர் கைவிட்டதாகவும் கட்டட வேலைக்கு வந்தவர்களே சொன்னார்கள். ஆகவே குழாய் மதிலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அதன் வாய் எங்கள் மொட்டை மாடிக்கு நேர் எதிரே, பக்கத்து வீட்டுக்காரர் பேச எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. இயந்திரம் எழும்போது முதலில் வருவது கறுப்பு. பிறகு சாம்பல் நிறம். அதன் பிறகு கண்ணுக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும்.

7. வளாகத்தின் நான்காம் மாடியில் பல் மருத்துவமனை ஒன்று உள்ளது. அவர்களின் அங்கிகளை நாங்களே வெளுத்து வந்தோம். ஒரு முறை அங்குள்ள செவிலியர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, ‘உங்ககிட்ட போட்டா அழுக்காகித் திரும்பி வருதேக்கா!’ என்றார். அழுக்கு அவர்கள் வளாகத்திலிருந்து எங்கள் மாடிக்கு வந்து, எங்கள் மூட்டையில் ஏறி, மீண்டும் அவர்கள் வளாகத்துக்கே போயிருக்கிறது என்பதை விளக்கினேன். அவர் சிரித்தார். மறு மாதம் வேறு சலவைக் கடைக்கு மாறிவிட்டார்கள்.

8. என் முதல் மனுவின் பேரில் தங்கள் அலுவலக ஆய்வாளர் வந்தார். அன்று மின்சாரம் இருந்தது. ஆகவே ஜெனரேட்டர் ஓடவில்லை. ‘சத்தமோ புகையோ காணப்படவில்லை’ என்று அறிக்கை அளித்தார். அது உண்மை. இரண்டாம் மனுவின் பேரில் மீண்டும் வந்தார். அம்முறை அவர் வளாகத்தின் லிப்டில் ஏறியிருந்தபோது மின்சாரம் போனது. நல்ல வாய்ப்பு என்று நாங்கள் மாடியில் காத்திருந்தோம். புகையும் வந்தது. ஆனால் லிப்டில் இருட்டில் நின்றுபோன ஆய்வாளரை அதே ஜெனரேட்டர்தான் மேலே கொண்டு சேர்த்தது. ‘இயந்திரம் சிறப்பாகச் செயல்படுகிறது’ என்று எழுதினார். அதுவும் உண்மை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில் நின்றவருக்கு வெளிச்சம் கொடுத்தவன்தான் தெய்வம்.

9. இவ்விரு மனுக்களிலும் என் கணவர் கையெழுத்திடவில்லை. தினமும் மாலையில் பிளாஸ்கில் தேநீருடன் ஜெனரேட்டர் முற்றத்துக்குப் போய், அதை இயக்குபவருடன் உட்கார்ந்திருப்பது அவர் வழக்கமாகிவிட்டது. அந்த இயக்குபவரைச் சந்தில் எல்லாரும் ‘டீசல்’ என்றே அழைப்போம். சட்டை, பேச்சு, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாவற்றிலும் அந்த வாசனை அடிக்கும். ‘அவன்கிட்ட டீ குடிச்சிட்டு அவன் மிஷின் மேல எப்படிடி கையெழுத்துப் போடுறது?’ என்று என் கணவர் கேட்டார். தேநீர் நான் போட்டது என்பதை நினைவூட்டினேன்.

10. இனி என் மூத்த நாத்தனாரைப் பற்றி எழுத வேண்டும். என் கணவரின் அக்கா, எங்களுடன் வசிக்கிறார். வாழ்நாள் முழுவதும் கரிப்பெட்டியில் இஸ்திரி போட்டவர். நுரையீரல் கெட்டுப்போனதில் கரியின் பங்கு எவ்வளவு, டீசலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆகவே முழுப் பழியையும் நான் வளாகத்தின்மேல் போடவில்லை. ஆனால் ஜெனரேட்டர் வருவதற்கு முன் அவர் மாடிப்படி ஏறி வந்து என்னுடன் சண்டை போடுவார்; வந்த பிறகு, இருந்த இடத்திலிருந்தே போடுகிறார். சென்ற ஆண்டு முதல் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் ஒரு கருவியோடு மூக்கில் குழாயுடன் இருக்கிறார். ஒரு முக்காலி அளவு கருவி. மின்சாரத்தில் ஓடுவது.

11. எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. விரிப்புகளுக்கு நான் போடும் கஞ்சி போதாது என்பது அவர் கட்சி. ‘இது விரிப்பா, நனைஞ்ச அப்பளமா?’ என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பார். கருவி வந்தபின் மூச்சை அளந்து செலவிட வேண்டியதாயிற்று. இருப்பதில் பாதியை இதற்கே ஒதுக்கினார்.

12. சம்பவத்தன்று காலை துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து நகரின் பாதிக்கு மின்சாரம் நின்றது, தாங்கள் அறிந்ததே. மின்வாரியத்தைக் கேட்டதற்கு ‘இதோ வந்துரும்’ என்றார்கள். ‘இதோ’ என்பது எவ்வளவு நேரம் என்று கேட்டதற்குத் தொலைபேசி வைக்கப்பட்டது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தோம். அதன் முள்ளும் இறங்கிக்கொண்டே வந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். சிக்னல்கள் அணைந்து சாலையெல்லாம் நெரிசல், வந்துகொண்டே இருக்கிறோம் என்றார்கள். சிலிண்டர் கடைக்காரரும் அப்படியே சொன்னார். வளாகத்துக்கான டீசல் லாரி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது.

13. மதிலுக்கு அப்பால் இரண்டு ஜெனரேட்டர்களில் ஒன்று முழு மூச்சுடன் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். மூடினோம். ஈர விரிப்புகளை முறுக்கி இடுக்குகளில் திணித்தோம். நாத்தனாரின் உதடு நீலம் பூத்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. அதைக் கண்டுதான் எனக்கு முதலில் பயம் வந்தது.

14. என் கணவர் மொட்டை மாடிக்கு ஓடி, மதிலுக்கு அப்பால் பார்த்துக் கூவினார். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. கீழே நின்ற டீசல் நிமிர்ந்து பார்த்தபோது, என் கணவர் தம் மூக்கைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். அவ்வளவுதான்.  டீசல் உள்ளே போய் ஒரு நீளமான ஒயர்ச் சுருளுடன் வெளியே வந்தார். என் கணவர் கொடிக் கயிற்றை அவிழ்த்து, நுனியில் ஒரு சோப்புக் கட்டியைக் கட்டி மதிலுக்கு அப்பால் எறிந்தார். டீசல் ஒயரை அதில் முடிச்சிட்டார். சந்துக்கு மேலாக, டீசல் லாரியின் தலைக்கு மேலாக, அது எங்கள் மாடிக்கு வந்து படிக்கட்டு வழியாக இறங்கியது. கருவியின் பச்சை விளக்கு எரிந்தது.

15. தேநீர் கெட்டிலுக்காக ஜெனரேட்டர் அறைச் சுவரில் அவருக்கு அனுமதிக்கப்பட்டிருந்த பிளக்கில்தான் ஒயரைச் சொருகியிருந்தார் என்பதையும், நாத்தனாரின் மூச்சு அந்தக் கெட்டிலைவிடக் குறைவாகவே மின்சாரம் இழுத்தது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். யானை நடந்து போகும்போது அதன் முதுகில் ஓர் ஈ உட்கார்ந்த கணக்கு. அந்தப் பிற்பகல், ஒரே இயந்திரம் ஜன்னலுக்கு வெளியே அவர் மூச்சை அடைத்துக்கொண்டும், ஜன்னலுக்கு உள்ளே அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டும் இருந்தது. இதில் எதைப் புகாராக எழுதுவது, எதை நன்றியாக எழுதுவது என்று நான் பல நாள் யோசித்தேன். ஆகையால்தான் இம்மனு தாமதமாகிறது.

16. சற்று நேரத்தில் நாத்தனாருக்கு நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, ஜன்னலில் நிலைத்தார். ‘ஓட்டல் விரிப்பையாடி சொருகின? மறுபடி நீதான் துவைக்கணும்’ என்றார். நான் சமையலறைக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

17. வளாகத்தின் மேலாளர் கண்காணிப்புக் கேமராவில் மதில்மேல் ஒயரைக் கண்டு இறங்கி வந்தார். என் கணவர் அதற்குள் முற்றத்துக்குப் போயிருந்தார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சை என் கணவர் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். ‘இது கமர்ஷியல் லைன்பா. வெளில குடுக்க ரூல் இல்ல. பிடுங்கு’ என்றார் மேலாளர். டீசல் சொன்னது: ‘சார், மேல நகர்ற படிக்கட்டு ஆளே இல்லாம ஓடிட்டு இருக்கு. அதை நிறுத்திட்டு வாங்க, இதை நான் பிடுங்குறேன்.’ மேலாளர் தாமே அறைக்குள் போய் பிளக்கின் மேல் கையை வைத்தார். நியாயத்துக்குக் கட்டுப்பட்டு இதை எழுதுகிறேன்: அவர் பிடுங்கவில்லை. கையை வைத்தபடியே தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் பிடுங்கச் சொன்னார்கள். அறை வாசலில் நின்ற என் கணவருக்கே அது கேட்டது. மேலாளர், ‘சார், ஜெனரேட்டர் சத்தம், சரியாக் கேக்கல’ என்றார். மறுபடி சொன்னார்கள். ‘கேக்கல சார்’ என்றார். பிறகு தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிளக்கின் மேல் வைத்த கையை எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ‘நான் இங்க வரவே இல்ல’ என்று சொல்லிப் போய்விட்டார். இயந்திரத்தின் சத்தம் பற்றி என் முதல் மனுவில் எழுதியபோது, இப்படி ஒரு பயன் அதற்கு உண்டு என்பது எனக்குத் தெரியாது.

18. ஆம்புலன்ஸ் மாலையில் வந்து, பரிசோதித்து, அவசியமில்லை என்று திரும்பியது. மின்சாரம் அதன் பின்னால் வந்தது. டீசல் ஒயரைச் சுருட்டிக்கொண்டார். சோப்புக் கட்டியையும் திருப்பி எறிந்தார்.

19. மறுநாள் டீசல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். என் கணவர்மீது மின்திருட்டுப் புகார் கொடுக்கப்பட்டது. புகாரின் நகலை மேலாளரே நேரில் கொண்டுவந்தார். உட்காரவில்லை, தேநீரும் வேண்டாம் என்றார். ‘என் கையில ஒண்ணும் இல்லக்கா’ என்று மட்டும் சொன்னார். அவர் கை என்ன செய்தது என்பது எனக்குத் தெரியும்.  கேமராவில் அவர் பிளக்கில் கை வைத்துவிட்டுப் பிடுங்காமல் எடுத்ததும் பதிவாகியிருக்குமே என்று பின்னர் எனக்குக் கவலையாக இருந்தது. அந்த அறைக்குள் கேமரா இல்லையாம்.

20. புகாரில் ‘அனுமதியின்றி வளாகத்தின் உற்பத்தியைப் பயன்படுத்தியது’ என்று கண்டுள்ளது. இதுபற்றி என் பணிவான கருத்து ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த ஜெனரேட்டர் இரண்டு பொருள்களை உற்பத்தி செய்கிறது. ஒன்று மின்சாரம், மற்றது புகை. புகையை இரண்டு ஆண்டுகளாக எங்கள் அனுமதியின்றி எங்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். நாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் குறைவில்லாமல் வருகிறது. மின்சாரத்தை ஒரே ஒரு பிற்பகல் கேட்டு வாங்கினோம். கேட்காமல் கொடுத்தது தொழில் என்றும், கேட்டு வாங்கியது திருட்டு என்றும் சட்டத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தைக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

21. சம்பவத்துக்குப் பின் வளாக நிர்வாகம் விரைந்து நடவடிக்கை எடுத்துள்ளது. சுவரிலிருந்த பிளக்கைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். மதிலை இன்னும் சில வரிசை செங்கல் உயர்த்திவிட்டார்கள். புகைக்குழாய் மட்டும் இருந்த உயரத்திலேயே இருக்கிறது. இப்போது மதில் ஏறக்குறைய அதன் மோவாயைத் தொடுகிறது.

22. டீசலுக்கு ஒரு தங்கை. திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார். அவரிடம் வேலை போனதை இன்னும் சொல்லவில்லை. டீசல் இப்போது எங்கள் கடையில் இஸ்திரி மேசையில் நிற்கிறார். அவரைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டும் என்று ஆசைதான். ஆனால் உண்மையை எழுதுவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். இஸ்திரி அவருக்கு வரவில்லை. ஓர் அங்கியின் முதுகில் பெட்டியின் உருவத்தை அப்படியே பதித்துவிட்டார். சட்டைக் காலரை நாத்தனார் மேலிருந்து மூன்று தரம் திருப்பி அனுப்பினார். ஊர் மின்சாரம் போகும்போதெல்லாம் அவர் கை தானாக நின்றுவிடுகிறது. மதிலுக்கு அப்பால் அது எழும் சத்தம் கேட்ட பிறகே அடுத்த துணியை எடுக்கிறார். அதற்குள் கையிலிருக்கும் துணி கருகிவிடுகிறது. அவர் தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்பதில் எங்கள் தொழிலின் நலனும் அடங்கியிருக்கிறது.

23. என் கணவர் இந்த மனுவில் கையெழுத்திடத் தாமே முன்வந்தார். நான் அழைக்கவில்லை. ‘மிஷின் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அது பண்ற நல்லதுக்கு ஒருத்தன் வேலை போகுதுன்னா, அது பண்ற கெட்டதுக்கு யாரு பதில் சொல்றது?’ என்றார். என்னை மணந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

24. ஆகவே ஐயா, என் முந்தைய மனுக்களில் அந்த ஜெனரேட்டரை அகற்ற வேண்டும் என்று கேட்டிருந்தேன். இப்போது அதைக் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். அதன் புகைக்குழாயை வரைபடத்தில் இருந்தபடி வளாகத்தின் உச்சி வரை ஏற்ற உத்தரவிட வேண்டும். கண்ணாடியின் அழகு சிறிது குறைந்தால், நாங்கள் அதை மன்னிக்கத் தயாராக இருக்கிறோம். டீசல் என்று அழைக்கப்படும் ஊழியரை மீண்டும் பணியில் சேர்க்க நிர்வாகத்துக்கு அறிவுறுத்த வேண்டும். மின்திருட்டுப் புகாரைத் தாங்கள் விசாரித்து முடிவு செய்யலாம். திருடிய பொருள் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறது. ஆய்வாளர் வந்தால் காட்டுவோம். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும், இருமும், அவருடன் கஞ்சி பற்றியும் பேசும். இத்துடன் மூன்றாம் முறை அவரைச் சிரமப்படுத்துவதற்கு வருந்துகிறேன். மின்சாரம் இல்லாத நாளில் வரச் சொன்னால் நலம்.

25. மனுவை முடித்துக் கையெழுத்திடப் போன நேரத்தில் என் நாத்தனார் தம் சார்பில் ஒன்று சேர்க்கச் சொன்னார். இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் அந்த இயந்திரத்தைக் கேட்டிருக்கிறார், மூச்சில் இழுத்திருக்கிறார், ஒரு பிற்பகல் அதனால் பிழைத்திருக்கிறார். ஆனால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது வந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இளைப்பு. கட்டிலை விட்டு எழவில்லை. ‘அவ்ளோ பெருசாமே. ஒரு தடவை கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்’ என்கிறார். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போக டீசலும் என் கணவரும் இருக்கிறார்கள். ஆனால் சம்பவத்துக்குப் பின் முற்றத்தின் கதவை வெளியாருக்குத் திறப்பதில்லையாம். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் திறப்பார்கள்.

26. அவர் வரும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைக்கும்படி எழுதப் போனேன். தடுத்துவிட்டார். ‘தூங்குறதைப் பாக்கவா அவ்ளோ தூரம் வரேன்? ஓடட்டும்’ என்றார். எனவே ஓடும்போதே பார்க்க அனுமதி வேண்டுகிறேன். புகைக்குழாயை அதற்குள் ஏற்றிக் கொடுத்தீர்களானால், அவரால் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்க்க முடியும்.

தங்கள் நல்ல பதிலை எங்கள் மாடியிலிருந்து எதிர்பார்க்கிறேன்.

இடம்: வணிக வளாகத்தின் பின்சந்து
நாள்: மாதத்தின் முதல் திங்கள், குறைகேட்கும் நாள்

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,

(ஒப்பம்)
உரிமையாளர், பனிவெள்ளை சலவை நிலையம்

(ஒப்பம்)
மேற்படியாரின் கணவர்

(ஒப்பம்)
மேற்படியாரின் நாத்தனார்